முன்னே போகும் கார் எத்தனை விநாடி தூரத்தில்?

மாணவர்களே, நெடுஞ்சாலையில் போகும்போது உங்கள் காருக்கும் முன்னால் போகும் காருக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பல ஆண்டுகள் கார் ஓட்டியவன் நான். வேலைக்காக ஜெர்மனி செல்லும்வரை எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அது விரைவில் பழகிவிட்டது. பழக நாளானது வேறொன்று. ஒருநாள் 'ஆட்டோபான்' எனப்படும் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில், ஊரில் ஓட்டுவதுபோலவே முன்காரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சக ஊழியர் சாலையோரத்து வெள்ளைக் கம்பங்களைக் காட்டினார். "இரண்டு கம்பங்களுக்கு நடுவே 50 மீட்டர். நீங்கள் 20 மீட்டர்கூட விடவில்லையே!" என்றார்.

அந்நாட்டு ஓட்டுநர்கள் மனத்தில் வைத்திருக்கும் விதி எளிமையானது. வேகமானி காட்டும் எண்ணில் பாதியை மீட்டராக விட வேண்டும். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் 50 மீட்டர். 130 என்றால் 65 மீட்டர்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 27.8 மீட்டர். 50 மீட்டரைக் கடக்க 1.8 விநாடி ஆகும். மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 36.1 மீட்டர். 65 மீட்டரைக் கடக்கவும் அதே 1.8 விநாடிதான்! எந்த வேகத்தைப் போட்டாலும் விடை மாறாது. மீட்டரில் சொல்லப்பட்டாலும், இந்த விதி உண்மையில் அளப்பது நேரத்தை.

ஏன் நேரம்? முன்காரின் சிவப்பு விளக்கைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்கச் சுமார் ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் கார் 28 மீட்டர் ஓடிவிடும். நான் விட்டிருந்ததோ 20 மீட்டருக்கும் குறைவு. இரண்டு கார்களும் ஒரே மாதிரி பிரேக் பிடித்தாலும் மோதியிருப்போம்.

எல்லா ஜெர்மானியரும் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். பின்னால் ஒட்டி வந்து விளக்கடித்து விரட்டுபவர்களை அங்கும் பார்த்தேன். அதனால்தான் பாலங்களின் மேல் கேமரா வைத்து இடைவெளியை அளக்கிறார்கள். மிக நெருங்கி ஓட்டினால் அபராதம் உண்டு. சில மாதங்கள் கார் ஓட்டவும் தடை விதிக்கப்படலாம்.

நம் நாட்டு ஓட்டுநர் பயிற்சியிலும் 'இரண்டு விநாடி விதி' இருக்கிறது. விதி கிட்டத்தட்ட ஒன்றுதான், பழக்கம்தான் வேறு. "இடைவெளி விட்டால் வேறு கார் நுழைந்துவிடும், தாமதமாகும்" என்பார்கள். அதையும் கணக்கிடுவோம். ஒரு கார் நுழைந்தால் நீங்கள் பின்வாங்கி மீண்டும் இடைவெளி விட இழப்பது சுமார் 2 விநாடி. வழி நெடுக 30 கார்கள் நுழைந்தாலும் தாமதம் ஒரே ஒரு நிமிடம்!

இனி நீங்களே சோதித்துப் பாருங்கள். முன்கார் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன்பே உங்கள் கார் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் இடைவெளி போதாது. மழை பெய்தால் இரு மடங்கு வேண்டும்.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது ஓட்டுவது அப்பாவாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம். எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாமே" என்று அன்பாகச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பிந்திப் போனால் பாட்டி வீட்டு முறுக்கு தீர்ந்துவிடாது.