கடைசி அறைக்கு வைஃபை எட்டவில்லையா? முதலில் ரௌட்டரை நகர்த்துங்கள்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவருக்கு அன்றைக்கு இன்னும் நாலைந்து வீடு பாக்கி இருக்கும். தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிளை வாசல் பக்க ஜன்னல் வழியே உள்ளே இழுத்து, கைக்கெட்டும் முதல் பிளக் பாயின்ட் அருகே ரௌட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் அது டிவிக்குப் பின்னால்தான். சிக்னலில் பெரும்பங்கு தெருவுக்குப் போகிறது. பின்பக்க பெட்ரூமில் படிக்கும் பிள்ளைக்கு வகுப்பு பாதியில் நின்றுபோகிறது. உடனே நாம் பிளானை மாற்றுகிறோம். 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கினாலும் அந்த அறைக்கு விடிவு கிடையாது. மாதாமாதம் கூடுதல் பணம் போவதுதான் மிச்சம்.

எங்கே கோளாறு என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ரௌட்டர் பக்கத்தில் நின்று ஃபோனில் ஸ்பீட் டெஸ்ட் பாருங்கள். பிறகு கடைசி அறையில் பாருங்கள். பக்கத்திலேயே வேகம் இல்லை என்றால் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட வேண்டியதுதான். அங்கே 90, இங்கே 4 என்று வந்தால் காரணம் உங்கள் சுவர். சிக்னல் அளவைக் காட்டும் செயலிகளும் உண்டு. மைனஸ் 50 டிபிஎம் என்றால் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் நன்றாக ஓடும், மைனஸ் 80ஐத் தொட்டால் பேச்சு அறுந்து அறுந்து வரும். இந்தக் கணக்கில் மூன்று புள்ளி இறங்கினால் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள்.

ரௌட்டர் அட்டைப்பெட்டியில் இத்தனை சதுர அடிக்கு எட்டும் என்று அச்சிட்டிருப்பதை நம் வீட்டுக்கு அப்படியே நம்ப முடியாது. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீட்டுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். நம்முடையது ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது; ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், வேகம் குறைவு. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரௌட்டர்களும் அதே 2.4இல்தான் நெருக்கியடிக்கின்றன, மைக்ரோவேவ் அடுப்பு வேறு அதே அலைவரிசையில் இரைகிறது. ரௌட்டர் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை.

செலவே இல்லாத வைத்தியம் இடமாற்றம். வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் ரௌட்டர் இருக்க வேண்டும். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி எதுவும் குறுக்கே வரக்கூடாது. நட்டுவைத்த ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும்; மாடி அறைக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்க வையுங்கள். ஃபைபர் கேபிளை நீட்டிப் போட்டுத்தர முடியுமா என்று கேபிள்காரரிடம் கேளுங்கள். மூலை திருப்பும்போது அதை மடக்கிவிடாமல் வளைவாக விடச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

ஆறு ஆன்டெனா வைத்த ரௌட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். ரௌட்டர் உரக்கப் பேசினால் போதாது. உங்கள் ஃபோனும் பதில் சொல்ல வேண்டும். அதன் குரல் சன்னமானது. சிக்னல் கோடுகள் காட்டியும் வீடியோ சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிப்பீட்டர் வாங்குபவர்கள் அதைக் கொண்டுபோய் சிக்னல் இல்லாத அறையிலேயே செருகுகிறார்கள். அதற்கே கிடைக்காததை அது எப்படித் திருப்பித் தரும்? நடுவழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்போதும், வாங்குவதும் கொடுப்பதும் ஒரே சேனலில் நடப்பதால், விலை மலிந்த ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மெஷ் கருவிகள் இதைவிட மேல், விலையும் அதிகம்.

என் தீர்ப்பு வயருக்குத்தான். ரௌட்டரிலிருந்து கடைசி அறை வரை ஒரு கேட் 6 கேபிள். 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தை அது குறையாமல் கொண்டுபோகும். அதன் முனையில் பரணில் கிடக்கும் பழைய ரௌட்டரே போதும். அதில் டிஹெச்சிபி என்ற வசதியை அணைத்து, கேபிளை லேன் துளையில் செருகி, முதல் ரௌட்டரின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே கொடுத்து, சேனலை மட்டும் வேறாக வையுங்கள்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பூச்சு வேலை தொடங்கும் முன், ஹாலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும், மாடிக்கும், கரன்ட் வயர் போகும் பைப்பில் சேராமல் தனியாக ஒரு பைப் போட்டுவைக்கும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.