குறை பெட்டியிலா, சுவரிலா?

ஒரே மாடல் ஸ்பீக்கரை வாங்கிய இரண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள். “குரல் அவ்வளவு தெளிவு, ஆனால் பேஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை” என்பார் ஒருவர். “பேஸ் தாங்க முடியவில்லை, தபேலா வாசிக்கிறார்களா அண்டாவை உருட்டுகிறார்களா என்றே தெரியவில்லை” என்பார் மற்றவர். அதே கம்பெனி, அதே பெட்டி, அதே விலை. ஹாலில் பாட்டு கேட்க வாங்கும் சின்ன ஜோடிப் பெட்டிகளான புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களைப் பற்றி வாங்கியவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் இப்படி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டுதான் நிற்கும். புதிதாக வாங்கப்போகிறவர் இதையெல்லாம் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வார். கடைசியில் விலை அதிகமானதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். இந்த இருவரில் யாருக்கும் காது பழுதில்லை, யாரும் பொய்யும் சொல்லவில்லை. பெட்டியைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இருவரும் தங்கள் ஹாலைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதே என் கட்சி. அதிலும் பேஸ் பற்றிய புகார் என்றால் பெட்டியைவிடச் சுவருக்கே அதில் பங்கு அதிகம்.

முதலில் புக்ஷெல்ஃப், அதாவது புத்தக அலமாரி என்ற இந்தப் பெயரே நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. 1954 வரை ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும் என்பதுதான் நடைமுறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எட்கர் வில்ச்சர் என்பவர் ஏஆர் என்ற கம்பெனியைத் தொடங்கி அதை மாற்றினார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே, பேஸை ஒலிக்கும் வூஃபருக்கு ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தார். சின்னப் பெட்டியிலிருந்து பெரிய பேஸ் வந்தது, பெட்டி தரையை விட்டு அலமாரியில் ஏறியது, பெயரும் ஒட்டிக்கொண்டது. பின்னால் துளை எதுவும் இல்லாத பெட்டி என்பதால் சுவரை ஒட்டி வைத்தாலும் மூச்சு முட்டாது. இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அப்படியல்ல. வூஃபரின் பின்பக்கக் காற்றை வெளியே விடுவதற்கென்று ஒரு குழாய்த் துளை இருக்கும். பல மாடல்களில் அது பெட்டியின் முதுகில் இருக்கும். அலமாரிக்கென்று பெயர், அலமாரிக்கு ஆகாத உடல். நாமோ பெயரை நம்பி அதை ஷோகேஸுக்குள், கடப்பா கல் தட்டின் மேல், கொலு பொம்மைக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவே திணித்துவிட்டு, ஒலி ‘பொம்மு’கிறது என்று கம்பெனியைத் திட்டுகிறோம்.

திட்டுவதற்கு முன் சுவர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ட்வீட்டரிலிருந்து வரும் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம்போல முன்னோக்கிப் போகும். வூஃபரின் அடிஸ்வரங்கள் குண்டு பல்புபோல எல்லாத் திசையிலும் பரவும், பின்பக்கமும் போகும். அங்கே சுவர் இருந்தால் திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பி வந்து சேர்வதால் மட்டும் அடிஸ்வரங்கள் 6 டெசிபல் வரை ஏறும். 25 வாட் ஆம்ப்ளிஃபயரை 100 வாட்டாக மாற்றினால் கிடைக்கிற ஏற்றம் அது. மூலையில் வைத்தால் இரண்டு சுவர், ஏற்றமும் இரண்டு மடங்கு. அதுவும் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே சீராக ஏறுவதில்லை, அடிமட்டத்துக்கு மட்டும்தான் ஏறும். ஆகவே பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்துவது, வேறு ஸ்பீக்கர் வாங்குவதற்குச் சமமான மாற்றத்தைத் தரும். செலவு மட்டும் கிடையாது.

இடம்தான் பெட்டியின் தலையெழுத்தை எழுதுகிறது என்பதற்குப் பெயர்பெற்ற இரண்டு ஸ்பீக்கர்களே சாட்சி. ஒன்று, 1970களில் பிபிசியின் பொறியாளர்கள் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. ஒளிபரப்பு வேனுக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லை, ஹெட்போனும் போதவில்லை என்ற நெருக்கடியில் பிறந்தது. உயரம் 30 செண்டிமீட்டர்தான். காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச்சுக் குரலைச் சரிபார்ப்பதுதான் அதன் வேலை. பல கம்பெனிகள் உரிமம் பெற்று அதைத் தயாரித்து வீடுகளுக்கும் விற்றன. அதில் மனிதக் குரலைக் கேட்டவர்கள் இன்றுவரை சிலாகிக்கிறார்கள். பெரிய ஹாலில் தூர வைத்து, சத்தமாகக் கேட்க முயன்றவர்கள் ஏமாந்தார்கள். இரண்டு பேச்சும் உண்மை. மற்றொன்று யமஹாவின் என்எஸ்-10. வெள்ளை வூஃபர் கொண்ட அந்தப் பெட்டியை 1978இல் வீட்டு உபயோகத்துக்கென்றுதான் விற்றார்கள். வீடுகளில் எடுபடவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்ஸிங் மேசைக்கு மேல், காதிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஏறி உட்கார்ந்ததும் கதை மாறியது. கீழே இருந்த மேசை அடிஸ்வரங்களுக்கு முட்டுக்கொடுத்தது. காது அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அறையின் குறுக்கீடும் குறைந்தது. உலகெங்கும் கூடங்களில் அது நிலைத்துவிட்டது, 2001இல் யமஹா தயாரிப்பை நிறுத்திய பிறகும் தேடி வாங்கினார்கள். ஹாலில் தோற்ற பெட்டிதான் மேசையில் ஜெயித்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரத்தில் கான்கிரீட் கூரை: தமிழ்நாட்டில் இதைவிடச் சாதாரணமான அறை கிடையாது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலியலையின் பாதி சரியாகப் பொருந்தும்போது அந்த ஸ்வரம் அறைக்குள் மாட்டிக்கொண்டு முழங்கும். 12 அடி நீளத்துக்கு அந்த ஸ்வரம் சுமார் 48 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 57. கூரையும் 10 அடி என்பதால் அங்கேயும் அதே 57தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறி அந்த ஸ்வரம் இரட்டிப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பேஸ் கிதாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் வரிசையாக நடந்துபோகும்போது நடுவே ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் கதவைத் தட்டுவதுபோல முட்டினால், அதை வாசித்த கலைஞரையோ ஸ்பீக்கர் செய்தவரையோ நோக வேண்டாம். கொத்தனார் போட்ட கணக்கு அது.

இதே அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். நடமாட வழி வேண்டும் என்று சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வழக்கம். அங்கே சாய்ந்து உட்கார்ந்தவர் உச்சத்தில் தலையை வைத்திருக்கிறார். அறையின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் பள்ளத்தில் இருக்கிறார். அண்டா உருளுகிறது என்றவர் ஒருவேளை சோபாக்காரர், பேஸ் இல்லை என்றவர் நாற்காலிக்காரர். இருவரும் இடம் மாறி உட்கார்ந்தால் கருத்தும் மாறிப்போகும்.

வெளிநாட்டு உரிமையாளர்கள் எழுதுவதைப் படித்து வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். அடிஸ்வரம் மோதும்போது அந்தப் பலகை சற்று அதிர்ந்து அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். தரையில் கார்பெட், அது கூர்மையான ஒலியை உறிஞ்சும். நம்முடையது பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே மொசைக் அல்லது டைல்ஸ். இங்கே எதுவும் எதையும் விழுங்காது. அங்கே “பேஸ் அளவாக இருக்கிறது” என்று பாராட்டப்பட்ட பெட்டி இங்கே கொழுத்துப்போகும். “உயர்ஸ்வரம் மினுமினுக்கிறது” என்று அங்கே எழுதியது இங்கே காதைக் குத்தும். ஆனால் நாம் ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிறவர்கள். திறந்த ஜன்னல் வழியே பேஸும் கொஞ்சம் வெளியேறும். அந்த அளவுக்கு அறை நல்லதாகிறது, பக்கத்து வீட்டுக்காரர் பாடு வேறு. எப்படியானாலும் ஒரு நாட்டு வீட்டின் தீர்ப்பை இன்னொரு நாட்டு வீட்டுக்கு அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது.

“அனுபவமுள்ள காதுக்கு இதெல்லாம் தெரியாதா? அறை வேறு, பெட்டி வேறு என்று பிரித்துக் கேட்க முடியாதா?” என்று கேட்கலாம். முடியும், கண்ணை மூடினால். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் கம்பெனியில் பணிபுரிந்த 40 பேரை வைத்துச் சோதித்தார்கள். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் செய்தபோது, ஸ்பீக்கரின் இடத்தை மாற்றினால் ஒலி மாறுவதைக் கேட்டவர்களின் மதிப்பெண்கள் காட்டின. திரையை விலக்கிப் பெட்டிகளைப் பார்க்க விட்டதும், பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, சின்ன மலிவான செட்டுக்கு இறங்கியது. இடம் மாறியதால் வந்த வேறுபாட்டைக் காது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இவர்கள் ஒலித்துறையிலேயே வேலை பார்த்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் அதே கம்பெனி, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சில விநாடிகளில் அதே புள்ளிக்கு நகர்த்திக் கொண்டுவரும் இயந்திரத்தையே சோதனை அறையில் பொருத்தியது. ஒரு சாண் இடமாற்றம் ஒப்பீட்டைக் கெடுத்துவிடும் என்று தெரிந்தவர்கள் மட்டுமே அப்படிப் பணம் செலவழிப்பார்கள். கடையில் வரிசையாக அடுக்கிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டும்போது நாம் ஒப்பிடுவது பெட்டிகளை மட்டும்தானா என்று யோசித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எந்த டப்பாவை வாங்கினாலும் ஒன்றுதானா? இல்லை. என் கட்சிக்கு ஒரு எல்லை உண்டு. சாதாரண வீட்டு அறையில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அறையின் ஆட்சி. அதற்கு மேலே பெரும்பாலும் பெட்டியே ராஜா. பாடகியின் குரலில் உள்ள சொல் தெளிவு, வயலினின் உரசல், சகாரம் சீறுவது எல்லாம் அந்த மேல் எல்லைக்குள் வருபவை. டூல் கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் இருந்தபோதே கண்டுசொன்னது இதுதான்: நேராகவும் பக்கவாட்டிலும் ஒரே குணத்தோடு, மேடு பள்ளமில்லாமல் ஒலிக்கிற ஸ்பீக்கரையே, பார்க்காமல் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் விரும்புகிறார்கள். ஆகவே உரிமையாளர்கள் குரலைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பல வீடுகளில் பலரும் ஒரே மாதிரி “குரல் மூக்கால் பேசுகிறது” என்றால் அது அநேகமாகப் பெட்டியின் குறைதான். பேஸைப் பற்றிச் சொன்னால் மட்டும், “உங்கள் அறை எத்தனை அடி?” என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு வாதங்கள் அடிக்கடி வரும். “நூறு மணி நேரம் ஓடியபின் ஒலி கனிந்தது” என்பது ஒன்று. வூஃபரின் விளிம்பு தொடக்கத்தில் கொஞ்சம் தளர்வது உண்மை. ஆனால் அது சின்ன மாற்றம், சீக்கிரமே முடிந்துவிடுவது. மிச்ச நேரமெல்லாம் கனிந்தது நம் காது. அடுத்தது வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 3 மீட்டர் போய் 3 மீட்டர் திரும்பினால் தடை சுமார் 0.04 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது யானைக்கு எறும்பு. வயருக்குக் கொட்டும் பணத்தில் ஒரு ஜோடி நல்ல ஸ்டாண்ட் வாங்கலாம்.

“எங்கள் வீட்டில் நகர்த்த இடமே இல்லையே” என்பதுதான் உண்மையிலேயே கனமான ஆட்சேபம். வாடகை வீடு, ஹாலிலேயே படுக்கை, குழந்தைகள் ஓடும் இடம். இவர்கள் வாங்கும்போதே முதுகில் துளையில்லாத மூடிய பெட்டியையோ, துளை முன்பக்கம் உள்ளதையோ பார்ப்பது நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பின்துளையில் ஒரு ஸ்பாஞ்சோ பழைய சாக்ஸோ செருகிப் பார்க்கலாம். பேஸ் குறைந்தாலும் பொம்மல் அடங்கும். ஷோகேஸுக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் பெட்டியின் முகம் தட்டின் விளிம்புக்கு வரும்படி முன்னால் தள்ளுங்கள். சோபாவைச் சுவரிலிருந்து ஓரடி இழுங்கள். ட்வீட்டர் உட்கார்ந்தவரின் காது மட்டத்தில் இருக்கட்டும். சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுவதால் பேஸுக்கு ஒன்றும் ஆகாது. திரைச்சீலையும் உயர்ஸ்வரத்தைத்தான் தணிக்கும். இரவில் மெதுவாக வைத்துக் கேட்கிறவர்கள் பேஸ் போதவில்லை என்றால் அது அறையின் குற்றமும் அல்ல, பெட்டியின் குற்றமும் அல்ல. சத்தம் குறையக் குறைய நம் காது அடிஸ்வரத்தைத்தான் முதலில் கைவிடும் என்று ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதற்கு ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பாவமில்லை.

ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தவருக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது மாடல் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அறையின் நீளம், அகலம், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, நீங்கள் உட்காரும் இடம், இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். டேப்பை எடுத்து அளக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.