கீறல் விழுந்த ஆம்ப்ளிஃபையருக்குப் புதுப் பெயின்ட்

தேக்கா பக்கம் நடமாடியவர்களுக்குச் சுங்கை ரோடு சந்தை மறந்திருக்காது. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. அதுவரை தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய ரேடியோ, கேசட் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் கிடக்கும். உள்ளே பாகங்கள் நல்லாத்தான் இருக்கும். வெளித்தகடு கீறி, துருப்பிடித்திருப்பதால் யாரும் சீண்ட மாட்டாங்க.

உங்க வீட்டு அலமாரி மேலேயும் அப்படி ஒன்று இருக்கலாம், தாத்தா பாட்டு கேட்ட பெட்டியாக. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. உங்க பெட்டியும் அதில் சேரும் முன் ஒரு சனிக்கிழமையை அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வால்வு ஆம்ப்ளிஃபையர் என்றால் பல நூறு வோல்ட். மாணவர்கள் தனியாக மூடியைத் திறக்க வேண்டாம், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். திருகாணிகளைக் கழற்றி மேல்மூடித் தகட்டை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைத் துணி போட்டு மூடி வேறு அறையில் வைத்துவிடுங்கள். முன்முகப்பைத் தொடாதீங்க. அது பெரும்பாலும் அலுமினியம். எழுத்துகள் மேலே அச்சிட்டவை. தேய்த்தால் போச்சு.

தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நம்ம சமையலறை எண்ணெய்ப் புகை கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது. அப்புறம் 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். (சேண்ட்பேப்பரைத் தமிழ்நாட்டில் 'உப்புத்தாள்' என்பார்கள். கையில் உப்புப் போல நெருடுவதால் வந்த பெயராக இருக்கலாம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், நல்ல சொல்.) நனைத்துத் தேய்ப்பதற்குக் காரணம் உண்டு. மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்; அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. துரு முழுக்கப் போகணும். பழைய பெயின்ட் முழுக்கப் போக வேண்டியதில்லை, மங்கினால் போதும்.

இனி முக்கியமான இடம். திருகாணி உட்காரும் துளைகளைச் சுற்றியும், மூடியின் உள்விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மூடித் தகடு அங்கேதான் உடற்சட்டத்தைத் தொடுகிறது. மூன்று முள் பிளக் உள்ள கருவியில் எர்த் இணைப்பு மூடிக்கும் போய்ச் சேர்வது அந்த வெற்று உலோகம் வழியாகத்தான். அங்கே பெயின்ட் ஏறினால் அது மின்கடத்தாப் படலமாகிவிடும். ஒரு கம்பி நழுவி மூடியைத் தொட்டால் 230 வோல்ட் தகட்டிலேயே நிற்கலாம். அழகுக்காகச் செய்யும் வேலை ஆபத்தில் முடிவது இந்த ஒரு இடத்தில்தான்.

அடுத்தது நம்ம ஊர் ஈரம். நான் முதல் தடவை காலை எட்டு மணிக்கே ஸ்ப்ரே அடித்தேன், வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று. கறுப்புத் தகடு காய்ந்ததும் சாம்பல் பூசினாற்போல் வெளுத்துப் போச்சு. பெயின்டில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது தகட்டின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். தகடு குளிர்ந்ததும் காற்றிலுள்ள நீராவி அதில் துளியாகப் படியும். மைலோ பெங் டம்ளர் வெளியே வியர்க்கிறதே, அதே கதைதான். இங்கே விடியும் முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் சுமார் 60க்கு இறங்கும். ஆகவே மழை வராத நாளில், மதியம் இரண்டு மணிவாக்கில் அடியுங்கள். வெளுத்துவிட்டால் பயப்படாதீங்க. நன்றாகக் காயவிட்டு, 600 எண் தாளால் லேசாகத் தேய்த்து, வேறொரு காய்ந்த நாளில் மறுபடி அடிக்கலாம்.

துரு எடுத்து வெற்று இரும்பு தெரியும் இடத்தில் முதலில் உலோகப் பிரைமர். பிறகு பெயின்ட், 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மூன்று மெல்லிய பூச்சு. எவ்வளவு இடைவெளி என்பது டப்பாவிலேயே இருக்கும். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் வழியும், காற்றுத் துளைகளும் அடைபடும்.

வீவக வீட்டில் எங்கே அடிப்பது? தாழ்வாரம் வேண்டாம், பக்கத்து வீட்டுத் துணி நாசமாகும். சமையலறையும் வேண்டாம், டப்பாவில் இருக்கும் வாயு தீப்பிடிக்கும். சாதாரண முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. திறந்த இடமும் தகுந்த கவசமும் இல்லாதவர்கள் ஸ்ப்ரேயை விட்டுவிட்டு, நீரில் கரையும் உலோகப் பெயின்டைச் சின்ன ஸ்பஞ்சு ரோலரால் உருட்டுவதே மேல். பளபளப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மாட்டாதீர்கள். ஒரு வாரமாவது போகட்டும். இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையர் சூட்டில் பெயின்ட் இளகும், விரல் ரேகை பதியும். டேப்பை உரித்து, துளைகளைச் சுற்றி உலோகம் பளிச்சென்று தெரிகிறதா என்று பாருங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால், பிளக் கழற்றிய நிலையிலேயே அதன் எர்த் முள்ளுக்கும் மூடியின் திருகாணிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். மல்ட்டிமீட்டர் இல்லாதவர்கள் ஜாலான் புசார் முனையில் இருக்கும் சிம் லிம் டவர் பக்கம் போனால் வாங்கலாம்.