தொண்டை முள்ளும் ஒரு மறைசாட்சியும்

இன்று துருக்கியில் சிவாஸ் என்று வழங்கும் ஊர்தான் அன்றைய செபஸ்தே. அங்கே ஆயராக இருந்த பிளேஸ், லிசினியுஸ் பேரரசன் காலத்தில், 316-ஆம் ஆண்டையொட்டி மறைசாட்சியாக இறந்தார் என்பது மரபு. அதற்கு மேல் அவரைப் பற்றி வழங்குவதெல்லாம், அவர் இறந்து சில நூற்றாண்டுகள் கழித்து எழுத்தில் ஏறிய கதை. ஆனால் நல்ல கதை.

கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடித்த நாளில் பிளேஸ் ஒரு மலைக்குகையில் ஒளிந்துகொண்டார். காயம்பட்ட காட்டு விலங்குகள் குகை வாசலுக்கு வரும். அவர் செபம் முடிக்கும்வரை பொறுத்து நின்று, குணமாகித் திரும்பும். அரங்க விளையாட்டுக்கு மிருகம் பிடிக்க வந்த வேடர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்தார்கள். ஆயரும் அகப்பட்டார்.

ஆளுநர் அக்ரிகோலாவுஸிடம் அவரைக் கொண்டுபோகும் வழியில் ஒரு தாய், மீன்முள் சிக்கி மூச்சுத் திணறிய மகனை அவர் காலடியில் கிடத்தினாள். அவர் செபித்ததும் பையன் பிழைத்தான். இன்னொரு ஏழைப் பெண்ணின் ஒரே பன்றியை ஓநாய் கவ்விப் போயிருந்தது. அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஓநாய் அதை உயிரோடு திருப்பிக் கொடுத்தது. பிறகு அவள் அந்தப் பன்றியையே அறுத்து, தலையையும் கால்களையும் சமைத்து, ஒரு மெழுகுதிரியோடு சிறைக்குக் கொண்டுபோனாள். ஓநாயிடம் தப்பிய பன்றிக்கு இப்படி ஒரு முடிவு! கடைசியில் இரும்புச் சீப்புகளால் ஆயரின் உடலைக் கிழித்து, தலையை வெட்டினார்கள்.

அந்தச் சீப்பு கம்பளி சிக்கெடுக்கும் சீப்பைப் போன்றது. அதனால் கம்பளித் தொழிலாளர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராக்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1825-இல் அவர் பெயரால் பெரிய ஊர்வலமே நடந்தது.

ஆயினும் சித்திரவதையைவிட மீன்முள்தான் மக்கள் மனத்தில் ஆழமாகத் தைத்தது. பிளேஸின் பெயர் முதலில் தென்படுவதே ஒரு மருத்துவ நூலில்தான். 6-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஏத்தியுஸ், தொண்டையில் ஏதாவது சிக்கினால் இந்த மறைசாட்சியின் பெயரைச் சொல்லி அதற்குக் கட்டளையிடும் முறையை எழுதிவைத்திருக்கிறார்.

மேற்குத் திருச்சபையில் அவர் திருநாள் பிப்ரவரி 3. கிழக்கில் பிப்ரவரி 11. கத்தோலிக்கக் கோயில்களில் அன்று குருவானவர் இரண்டு மெழுகுதிரிகளைச் சிலுவை வடிவில் சேர்த்துப் பிடித்து, வரிசையில் வருவோரின் தொண்டைக்கு அண்டையில் வைத்து ஆசி கூறுவார். பெரும்பாலும் முந்தின நாள் விழாவில் மந்திரித்த திரிகள் அவை. சிறைக்குப் போன அந்த ஏழைப் பெண்ணின் திரியை நினைவூட்டுவதாகச் சொல்வார்கள்.

குரோவாசியாவின் டுப்ரோவ்னிக் நகருக்கு அவரே காவலர். 10-ஆம் நூற்றாண்டில் நட்புப் பாவனையில் வந்து நங்கூரமிட்ட வெனிசியர்களின் தாக்குதல் திட்டத்தை, முதியவராகத் தோன்றி ஒரு குருவுக்கு அறிவித்தாராம். அவரது திருப்பண்டங்களைச் சுமந்து செல்லும் அந்நகர விழா 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இத்தாலியின் மிலானில் ஊர்வலத்தைவிட ரொட்டிக்குத்தான் மவுசு. கிறிஸ்துமஸ் ரொட்டியான பனெத்தோனேயில் ஒரு துண்டை எடுத்துவைத்து, காய்ந்துபோன அதை பிப்ரவரி 3 காலையில் வீட்டார் பிட்டுத் தின்பார்கள், தொண்டைக்குக் காவலாக.