நரம்புக்கு நிம்மதி – 7: நீளும் வெளிமூச்சு

“ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுத்தாலும் தூக்கம் பிடிக்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, யார் எது கேட்டாலும் எரிச்சல் வருகிறது” என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் உழைக்கும் பெண்கள் முறையிடும்போது, அதை மனோபலவீனம் என்று ஒதுக்கிவிடுவது பெரிய அநியாயம். அபாயம் நேர்ந்தால் இருதயத்தை விரைவாக்கி, இரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்பி, ஜீரணத்தை நிறுத்திவைத்து, போராடவோ தப்பி ஓடவோ சரீரத்தை ஆயத்தப்படுத்தும் இயற்கையின் ஏற்பாட்டை ஹார்வர்டு சர்வகலாசாலையின் வால்டர் கானன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கினார். சில நிமிஷங்களுக்கென்று அமைந்த அந்த ஏற்பாடு மாதக்கணக்கில் ஓயாமல் நீடிக்குமானால், 1936-ல் ஹான்ஸ் ஸெல்யே என்ற விஞ்ஞானி எழுதத் தொடங்கியபடி, காக்க வந்த சக்தியே தேகத்தைக் களைத்துவிடுகிறது.

இதற்கு மாற்றும் சரீரத்திலேயே இருக்கிறது. 1921-ல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளையின் இருதயத்தைத் திரவத்தில் வைத்து, அதன் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்தத் திரவத்தை எடுத்து வேறோர் இருதயத்தில் செலுத்தியபோது, நரம்பு தீண்டாத அந்த இரண்டாவது இருதயமும் மெதுவாகத் துடித்தது. மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் இந்த நரம்பு நம் கட்டளைக்கு நேரே பணிவதில்லையாயினும், சுவாசம் பணிகிறது. மூச்சு உள்ளே போகையில் சற்று விரையும் நாடி, வெளியேறுகையில் வேகஸின் பிடியில் தணிகிறது. ஆகவே, கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகிற பெண், நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட்டால், நிமிஷத்திற்கு ஆறு மூச்சு ஆகும். மூச்சை அடக்க வேண்டியதில்லை, தலை சுற்றினால் நிறுத்திவிடலாம். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி முதலியோர் 2001-ல் வெளியிட்ட பரிசோதனையில், ஜபமாலைப் பிரார்த்தனையும் மந்திர உச்சாடனமும் மூச்சைத் தாமாகவே ஏறக்குறைய இதே கதிக்குக் கொண்டுவந்தன. மாதாவுக்கோ மாரியம்மனுக்கோ வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வருகிறவர்களை யாரும் பரிகசிக்க வேண்டாம்.

ஆனால், மூச்சைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று கை கழுவுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2021 டிசம்பரில், இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பூந்தமல்லியை ஒட்டிய விடுதியில் தங்கி, ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலைக்குப் போய்வந்த பெண்களில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கெட்டுப்போன உணவால் வியாதிப்பட்டு, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட, சகதொழிலாளர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். தட்டில் விழும் சோற்றையே நம்ப முடியாதவளுடைய நரம்புகள் விழித்திருப்பது நோயன்று, நியாயமான எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைத் தணிக்கும் சிகிச்சை சமையற்கூடத்திலும் கழிப்பறையிலும்தான் ஆரம்பமாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மன அழுத்தத்தைப் பற்றிய பழைய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஆண்களை வைத்தே நடந்தவை என்பதைச் சுட்டிக்காட்டி, 2000-ஆம் ஆண்டில் உளவியல் அறிஞர் ஷெல்லி டெய்லரும் அவருடைய சகாக்களும், பெண்கள் ஆபத்தில் ஓடுவதையும் சண்டையிடுவதையும்விடத் தம்மவரைப் பேணுவதையும் தோழமை தேடுவதையும் நாடுகிறார்கள் என்ற கருத்தை முன்வைத்தார்கள். வெளிமாவட்டங்களிலிருந்தும் பாஷை வேறான மாநிலங்களிலிருந்தும் வந்து ஓர் அறையில் சேர்ந்த பெண்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் கஞ்சி வைத்துக் கொடுத்து, “அக்கா” என்றும் “தங்கச்சி” என்றும் கொண்டாடுவதில் உள்ள ஔஷதத்தை எந்த மாத்திரையிலும் அடைத்துத் தர முடியாது.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியை அரசாங்கம் திறந்தது போற்றத்தக்க காரியம். திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் விடுதி நடத்துகிறவர்கள், பெரிய கட்டடத்திற்குக் காத்திராமல், செலவில்லாத ஒரு மாறுதலை இந்த மாதமே செய்யலாம்: ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவர்களை ஒரே அறையில் வைத்து, ஷிப்ட் மாறும்போது அவர்களைப் பிரிக்காமல் சேர்த்தே மாற்றினால், ஒருத்தியின் அலாரம் இன்னொருத்தியின் நித்திரையைக் கலைக்காது, காலையில் படுக்க வருகிறவளோடு பேச ஒரு துணையும் விழித்திருக்கும். பகல் நித்திரையின் மற்ற விஷயங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.