பிரேக்கை மிதித்தால் வண்டி ஒருபுறம் இழுப்பது ஏன்?

ஜொகூர் பாருவிலிருந்து கிழக்கே பாசிர் கூடாங் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணலாம். 1977இல் இயங்கத் தொடங்கிய ஜொகூர் துறைமுகத்தை நோக்கிக் கொள்கலன் லோரிகளும் செம்பனை எண்ணெய் ஏற்றிய லோரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். அவற்றினிடையே கார்கள் விரையும். சாலையின் இடப்பக்க ஓரத்தில் ஆலை வேலைக்குச் செல்லும் தொழிலாளர் மோட்டார் சைக்கிளில் செல்வர். முன்னே செல்லும் வண்டி திடீரென நிற்கிறது. நாம் பிரேக்கை மிதிக்கிறோம். நம் வண்டி நேரே நில்லாமல் இடப்பக்கம் ஒரு முழம் ஒதுங்குகிறது எனக் கொள்வோம். அந்த ஒரு முழ இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கக்கூடும். வலப்பக்கம் ஒதுங்கினாலோ, அங்கே லோரியின் சக்கரம் இருக்கக்கூடும். மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை எண்ணினால், இக்குறை சிறிதன்று என்பது விளங்கும்.

ஆயினும் இக்குறையை ஆராயும்போது பலரும் தொடக்கத்திலேயே ஒரு பிழை செய்கின்றனர். வண்டி இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கத்துப் பிரேக்கே கெட்டது எனக் கருதி அதனைப் பிரித்துப் பார்க்கின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

எந்த மாட்டின் மேல் குற்றம்?

இரட்டை மாட்டு வண்டி ஒன்றை நினைத்துக்கொள்வோம். ஓட்டுபவன் இரு கயிறுகளையும் ஒருங்கே இழுத்து நிறுத்துகிறான். இடத்து மாடு நின்றுவிடுகிறது; வலத்து மாடோ நடந்துகொண்டே இருக்கிறது. வண்டி எப்பக்கம் திரும்பும்? நின்ற மாட்டின் பக்கம், அதாவது இடப்பக்கமே திரும்பும். வண்டி இடப்பக்கம் திரும்பியது என்பதற்காக இடத்து மாட்டை அடிப்பது முறையாகுமா? அது சொன்னபடி நின்ற மாடு. கட்டளையை மீறியது வலத்து மாடன்றோ!

மோட்டார் வண்டியிலும் இதுவே நிகழ்கிறது. முன்சக்கரங்கள் இரண்டனுள் எது வலுவாகப் பிடிக்கிறதோ அதன் பக்கமே வண்டி திரும்பும். ஆகவே, இடப்பக்கம் இழுக்கும் வண்டியில் முதலில் ஐயுற வேண்டியது வலப்பக்கத்துப் பிரேக்கையே. பிரேக்கிடும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன்சக்கரங்களே செய்கின்றன. அதனாலேயே முன்பக்கத்து வேறுபாடு உடனே கைக்குத் தெரிகிறது.

எண்ணெய் கட்டளையை மாற்றுவதில்லை

பழங்காலக் கார்களில் கம்பிகளும் இரும்புக் கோல்களும் பிரேக்கை இயக்கின. ஒவ்வொரு சக்கரத்தின் கம்பியையும் தனித்தனியே ஒத்த அளவில் முடுக்கி வைத்தல் அரிது. ஆதலின் வண்டி ஒருபுறம் இழுப்பது அக்காலத்தில் பொதுவான தொல்லையாயிருந்தது. அடைபட்ட நீர்மத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. அவ்விதியைக் கொண்டு மால்கம் லோகீட் என்னும் அமெரிக்கர் எண்ணெய்ப் பிரேக்கை அமைத்தார். 1921இல் வந்த டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதனைப் பெற்றிருந்தது.

இவ்விதியிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. வழி அடைபடாமலும் எண்ணெய் கசியாமலும் இருக்கும்வரை, ஓட்டுபவர் தரும் கட்டளை இரு முன்சக்கரங்களுக்கும் ஒத்த அழுத்தமாகவே செல்கிறது. வேறுபாடு தோன்றுவது பெரும்பாலும் அக்கட்டளையை ஏற்கும் இடத்தில்தான்.

ஆராயும் முறை

முதற்கண், பிரேக்கை மிதியாதபோதும் வண்டி இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குச் சமதளமான, ஆளரவமற்ற இடம் வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை ஓரம் நோக்கிச் சாய்த்து அமைப்பர். இடப்பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில், குறையற்ற வண்டியும் சற்றே இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. சாலையின் சாய்வை வண்டியின் குற்றமாகக் கொள்ளலாகாது. சமதளத்திலும் பிரேக்கின்றியே இழுத்தால், டயரையும் சக்கரங்களின் நேரமைப்பையும் பார்க்க வேண்டும். விடாது உரசிக்கொண்டிருக்கும் பிரேக்கும் இங்ஙனம் இழுக்கும்.

இரண்டாவது, டயர். வண்டி ஓடிச் சூடேறும் முன்னரே காற்றின் அளவைப் பார்த்து, இரு பக்கமும் ஒத்திருக்கச் செய்க. ஒரு பக்கம் புதிய டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும் இருத்தல் கூடாது. சுழலும் திசை குறிக்கப்படாத டயர்களாயின், முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். இழுக்கும் பக்கமும் உடன் மாறினால் குற்றம் டயரிடமே உள்ளது. காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமலே பிரேக்கைப் பிரிப்போர் பலர்.

மூன்றாவது, வெப்பம். பாதுகாப்பான இடத்தில் சிலமுறை பிரேக்கிட்டு ஓட்டி, வண்டியை நிறுத்தியவுடன் இரு முன்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிடுக. தொடுதல் ஆகாது, கை வெந்துவிடும். பட்டறைகளில் தொடாமலே வெப்பம் காட்டும் கருவியைப் பயன்படுத்துவர். உராய்வு உள்ள இடத்தில் வெப்பம் உண்டு. ஆகவே, குளிர்ந்திருக்கும் சக்கரமே வேலை செய்யாத சக்கரம். பிரேக்கிடாமல் ஓட்டிய பின்னும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், அது பிடியை விடாத சக்கரம். இந்நிலையில் மட்டும் குற்றம் இழுக்கும் பக்கத்திலேயே இருக்கும்.

குளிர்ந்த சக்கரத்தில் காணத்தக்கவை

டிஸ்க் பிரேக்கில் கேலிப்பரின் பிஸ்டன் துருவால் இறுகியிருக்கலாம். கேலிப்பர் நகரும் ஊசிகள் உலர்ந்து சிக்கியிருக்கலாம். பிரேக் பேடின்மேல் எண்ணெயோ கிரீசோ பட்டிருக்கலாம். பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. அந்த ஈரம் உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கும். ஜொகூர் நீரிணையின் கரையிலுள்ள பாசிர் கூடாங் போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க ஊர்களில், இரண்டாண்டுக்கொருமுறை அவ்வெண்ணெயை மாற்றுவது வீண்செலவன்று.

ரப்பர்க் குழாயின் குறை இன்னும் நுட்பமானது. வெளியே நன்றாகத் தோன்றும் குழாய் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கும். மிதித்தவுடன் எண்ணெய் அப்பக்கம் தாமதமாகச் செல்வதால் வண்டி மறுபக்கம் இழுக்கும். காலை எடுத்த பின்னரோ, எண்ணெய் திரும்ப இயலாமல் அச்சக்கரம் பிடித்துக்கொண்டே நிற்க, வண்டி இப்பக்கம் இழுக்கும். மிதிக்கும்போது ஒருபுறம், விடும்போது மறுபுறம் என்று வண்டி திரும்பினால் குழாயை ஐயுறுக.

பிரேக்குகள் இரண்டும் ஒத்திருந்தும் இழுப்பு நீங்காவிடின், சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் புஷ்களைப் பார்க்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால், பிரேக்கிடும்போது சக்கரம் பின்னுக்கு நகர்ந்து தன் திசையை மாற்றிக்கொள்ளும். மிதிக்கும்போது ‘டக்’ என எழும் ஒலி இதற்கு அடையாளம். மிதிகட்டையும் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் எண்ணெய் கசிகிறது என்று பொருள். அவ்வண்டியை ஓட்டுதல் கூடாது. இழுவை வண்டியை அழைப்பதே அறிவுடைமை.

பெரிய லோரிகளில் எண்ணெய்க்கு மாறாகக் காற்றழுத்தம் பிரேக்கை இயக்குகிறது. அங்கும் நெறி ஒன்றே. எல்லாச் சக்கரங்களுக்கும் காற்று ஒத்துச் சென்றாலும், ஒரு சக்கரத்தின் தள்ளுகோல் அளவுக்கு மீறி நீண்டு செல்ல நேர்ந்தால் அதன் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். சோதனை நிலையங்களில் சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி, இடப்பக்க விசையையும் வலப்பக்க விசையையும் தனித்தனியே அளப்பது இந்த வேறுபாட்டைக் காண்பதற்கே.

இரு பக்கமும் ஒருங்கே

குறையைக் கண்டபின் திருத்தும்போதும் ஒரு விதியைக் கைக்கொள்ள வேண்டும். பேடு கெட்டது ஒரு பக்கம்தான் என்று ஒரு பக்கம் மட்டும் மாற்றுதல் சிக்கனம் போலத் தோன்றும். ஆனால், புதியதும் பழையதும் ஒத்துப் பிடிக்கா. பழைய இழுப்பு நீங்கிப் புதிய இழுப்புத் தோன்றும். ஆதலின் பேடுகளை இரு பக்கமும் ஒருங்கே மாற்றுக.

நோயை அறிவதோடு நில்லாமல் அதன் காரணத்தையும், பின்னர் அதனைத் தணிக்கும் வழியையும் முறையாக நாட வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் நெறி. வண்டிக்கும் அது பொருந்தும். சுக்கானை இறுகப் பிடித்து இழுப்பைச் சமாளிப்போர் நோயை மறைக்கின்றனரேயன்றித் தீர்ப்பதில்லை. பட்டறைக்குச் செல்லும்போது, ‘பிரேக் சரியில்லை’ என்று மட்டும் கூறாது, எப்போது இழுக்கிறது, எப்பக்கம் இழுக்கிறது, எந்தச் சக்கரம் குளிர்ந்திருந்தது என்ற மூன்றையும் கூறுக. அங்குள்ளவர் பிரிக்க வேண்டிய சக்கரம் எதுவென்பது அப்போதே விளங்கிவிடும். வேண்டாத செலவும் குறையும். சாலையோரம் செல்லும் அந்த மோட்டார் சைக்கிளுக்கும் அதன் ஒரு முழ இடம் எஞ்சும்.