கட்... கட்... கழட்டிட்டோம்ல ஆக்ஸிலை!

யூ டர்ன் அடிச்சா போதும், எங்க வீட்டு மாருதி 800 தாளம் போட ஆரம்பிச்சிடும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா... கட்... கட்... கட்! நேரா போனா கப்சிப்.

வண்டி 2004 மாடல். எனக்கு வயசு இருபது. ஆக, வீட்டுல அது எனக்கு அண்ணன்! தெருமுனை மெக்கானிக் அண்ணா குனிஞ்சு பார்த்துட்டு, ''வீல் ஜாயின்ட் போச்சு தம்பி. பூட் கிழிஞ்சு கிரீஸ் பூரா வெளியே வந்துடுச்சு. ஆக்ஸிலை இறக்கணும்''னார். அப்பா அவர் பாணியில் தீர்ப்பு சொன்னார். ''இனிமே இதுக்கு ஒத்தப் பைசா செலவு பண்ண மாட்டேன். காயலான் கடைல போட்டுடலாம்.''

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பையன் வீட்டுல இருக்கும்போது இப்படியொரு பேச்சா? ''நானே கழட்டி மாட்டறேம்ப்பா. ஒரு வாரம் டைம் கொடுங்க''ன்னு வீராப்பா சொல்லிட்டேன். தியரி ஆஃப் மெஷின்ஸ்ல நல்ல மார்க் வாங்கின தைரியம்தான்!

அப்படி என்னதான் இருக்கு அதுல?

மாருதி 800 முன்சக்கரத்தால் ஓடுற வண்டி. அந்தச் சக்கரம் சுத்தவும் வேணும், திரும்பவும் வேணும், பள்ளத்துல ஏறி இறங்கவும் வேணும். கியர்பாக்ஸ்ல இருந்து அதுக்கு சக்தியைக் கொண்டுபோறதுதான் டிரைவ் ஷாஃப்ட். நம்மூர் ஷெட்டுகள்ல இதுக்குப் பேர் 'ஆக்ஸில்'. நாம பரீட்சைக்குப் படிக்கிற ஹுக்ஸ் ஜாயின்ட்டை இங்கே போட்டா, வளைஞ்ச நிலையில ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கிற கை உதறிடும். இதுக்குத் தீர்வா 1920-களில் ஃபோர்டு இன்ஜினீயர் ஆல்ஃபிரட் செப்பா ஒரு ஜாயின்ட்டை உருவாக்கினார். பள்ளம் வெட்டின ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஆறு எஃகு குண்டுகள். எவ்வளவு வளைச்சாலும் வேகம் மாறாது. 1959-ல வந்த மினி கார் இந்த வகை ஜாயின்ட்டாலதான் முன்சக்கரத்துல ஜம்முனு ஓடுச்சு.

இவ்வளவு பெரிய ஆளுக்குக் காவல் ஒரு சாதாரண ரப்பர் பூட். அது கிழிஞ்சா கிரீஸ் வெளியே, மண்ணும் தண்ணியும் உள்ளே. பள்ளம் தேயும். அப்புறம் 'கட் கட்' கச்சேரிதான்!

அந்த ஞாயித்துக்கிழமை...

ஜி.பி. ரோட்டுல ஜாயின்ட் கிட் வாங்கியாச்சு. கூட என் கிளாஸ்மேட். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, டயரைக் கழட்டினோம். நடுவுல இருக்கிற ஹப் நட் அசையவே மாட்டேங்குது. அவன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, நான் ஸ்பேனர்ல நாலடி பைப்பைச் சொருகி, தம் கட்டி ஒரு இழு இழுத்தேன். நட் அசையலை. வண்டி அசைஞ்சுது!

ஜாக்கி சாய்ஞ்சு, வண்டி 'தடால்'னு இறங்கிடுச்சு. வைக்க இடமில்லாம கழட்டின டயரை அடியில தள்ளி வெச்சிருந்தேன். வண்டி அதுமேல உட்கார்ந்ததால தப்பிச்சோம். ஆனா, பத்து நிமிஷம் முன்னாடி அதே இடத்துல தலையை விட்டுத்தான் நான் பூட்டை எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அதை நினைச்சதும் கால் ரெண்டும் தந்தி அடிச்சுது.

சத்தம் கேட்டு ஓடி வந்த அப்பா திட்டுவார்னு பார்த்தா, திட்டலை. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே போனவர், அரை மணி நேரம் கழிச்சு ரெண்டு ஜாக் ஸ்டாண்டோட, மெக்கானிக் அண்ணாவையும் கூட்டிட்டு வந்தார். ''ஜாக்கி தூக்கறதுக்குத்தான் தம்பி, தாங்கறதுக்கு இல்ல. படிக்கிற புள்ளைக்கு இது தெரிய வேணாமா?'' செமஸ்டர்ல வராத கேள்வி, பதிலே இல்லை என்கிட்ட!

ரெண்டாவது ரவுண்டு!

அடுத்த ஞாயிறு ஆட்டமே வேற. டயர் தரையில இருக்கும்போதே ஸ்ப்ளிட் பின்னை உருவினோம். அப்பா பிரேக்கை மிதிக்க, நான் பைப்பை இழுக்க, 'க்றீச்'... நட் வழிக்கு வந்துச்சு. அப்புறம்தான் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்ட்ல உட்கார வெச்சோம். கியர் ஆயிலை வடிச்சு, கீழ் ஆர்ம்ல இருக்கிற பால் ஜாயின்ட்டைப் பிரிச்சு, ஹப்பை வெளிப்பக்கமா இழுத்தா ஷாஃப்ட்டோட ஒரு முனை கைக்கு வந்துடுச்சு. கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சர்க்கிளிப் பிடிச்சிருக்கும். லீவர் கொடுத்து நெம்பினதும் 'டப்'னு விடுதலை! மடியில அதை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தப்ப, மூணு வருஷத்துல முதல் தடவையா நானும் இன்ஜினீயர்னு தோணுச்சு.

பழைய ஜாயின்ட்டைத் தட்டிக் கழட்டி, புதுசுல கறுப்பு கிரீஸை அடைச்சு, பூட் கிளிப் போட்டு, எல்லாத்தையும் மாட்டி முடிக்க சாயங்காலம் ஆயிடுச்சு. கடைசி நட்டை முறுக்கினதும், புது கியர் ஆயில் ஊத்தினதும் மெக்கானிக் அண்ணா மேற்பார்வையில!

உஷார் பாஸ்!

* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க.

* ஹப் நட்டை லூஸ் பண்றதும், கடைசியா டைட் பண்றதும் டயர் தரையில இருக்கும்போது மட்டும். எவ்வளவு டைட்டுன்னு மேனுவல் சொல்லும், டார்க் ரெஞ்ச் கேளுங்க. ஸ்ப்ளிட் பின் புதுசு போடணும்.

* ஷாஃப்ட் முனையைச் சுத்தியலால நேரா அடிச்சா மரை போயிடும்.

* உள்பக்க ஜாயின்ட்டை நெம்பணும். ஷாஃப்ட்டைப் பிடிச்சு இழுத்தா ஜாயின்ட் பிரிஞ்சு கையோட வந்துடும். ஆயில் சீலும் பத்திரம்!

* பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. ஷாஃப்ட் இல்லாம வண்டியை உருட்டினா வீல் பேரிங் காலி.

* முதல் தடவைன்னா, தெரிஞ்சவர் ஒருத்தர் பக்கத்துல கட்டாயம் இருக்கணும்.

இருட்டற நேரத்துல தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் போய், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சேன். பக்கத்து சீட்ல அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கிட்டு இருந்தார். யூ டர்ன்... சத்தமே இல்லை. ''இன்னொரு தடவை திருப்பு''ன்னார். திருப்பினேன். ம்ஹூம்... சத்தமே இல்லை!

பாராட்டுவார்னு பார்த்தா, சாவியை வாங்கிக்கிட்டு கூலா கேட்டார்: ''அந்தப் பக்கத்து பூட்டும் லேசா வெடிச்சிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை ஃப்ரீயாடா?''

காயலான் கடை பேச்சையே அப்புறம் அவர் எடுக்கலை!